மூன்று மில்லிமீட்டர் சந்தனம்

காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். எங்கள் சமையலறைக் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகமாக ஓடும். அதைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்த நிமிடத்தில்தான் முதல் பெரிய தாள் பிரிண்டரிலிருந்து முழுதாக வெளியே வந்தது. என் மகள் கயல் அதை இரண்டு கைகளாலும் ஏந்தி மேசைமேல் கிடத்தி, எஃகு ஸ்கேலை எடுத்தாள்.

இடப்பக்கத்து வெள்ளை மேலே முப்பத்தெட்டு மில்லிமீட்டர். கீழே நாற்பத்தொன்று.

"அம்மா, கோணலா வந்திருக்குதுங்கம்மா."

"என்ற கண்ணுக்கே தெரியல. உடு சாமி."

"அவுங்க கண்ணுக்குத் தெரியும்."

இந்தத் தொடரில் போன வாரம், கயல் தன் முதல் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரிக் வண்டியின் மேல் ஏறி நின்ற கதையோடு நிறுத்தியிருந்தேன். அதைச் சிரித்துக்கொண்டே எழுதினேன். இந்த வாரம் சிரிப்பு வரவில்லை. நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் எழுத உட்கார்ந்தால் காது சூடாகிறது. என் கொழுந்தனாரோடு நான் இன்றுவரை பேசுவதில்லை.

வெட்டக் கூடாது

மறுநாள் காலை சென்னையில் கயலுக்கு நேர்காணல். புகைப்படக் கலை படிக்க ஓர் இடம். இருப்பதே சில இடங்கள்தான். கல்லூரியிலிருந்து அனுப்பியிருந்த கடிதத்தில் இப்படி இருந்தது: பன்னிரண்டு படங்கள் கொண்டுவர வேண்டும். தாள் பதின்மூன்றுக்குப் பத்தொன்பது அங்குலம். நான்கு பக்கமும் ஒரே அளவு வெள்ளை விட்டிருக்க வேண்டும். தாளை வெட்டிச் சரிசெய்யக் கூடாது. விளிம்பு சமமில்லாத படங்கள் பார்வைக்கு எடுத்துக்கொள்ளப்பட மாட்டா.

முதலில் என் கோபம் அந்தக் கடைசி வரியின்மேல்தான். பிள்ளை எதைப் படம் எடுத்திருக்கிறாள் என்று பார்ப்பார்களா, சுற்றியிருக்கிற வெள்ளையை அளப்பார்களா? குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு யார் இதையெல்லாம் எழுதுகிறார்கள்?

"எடுத்த படத்தைக் கடைசி வரைக்கும் ஒழுங்காக் கொண்டாந்து சேக்கறமான்னு பாக்கறாங்கம்மா. அதுல தப்பு இல்ல," என்றாள் கயல். அவள் அப்படித்தான். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் எதிராளியின் பக்கம் போய் நின்றுகொள்வாள்.

அவள் எடுத்திருந்தது அவள் அப்பாவின் ரிக் வண்டி ஆட்களை. என் வீட்டுக்காரர் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகிற ரிக் வண்டியோடு வருடத்தில் எட்டு மாதம் வெளி மாநிலத்தில் இருப்பார். போர் ஓடும்போது கிளம்புகிற கல்தூசி ஆட்களின் முகத்திலும் இமையிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். கண் மட்டும் கறுப்பாகத் தெரியும். கயல் அந்த முகங்களை எடுத்திருந்தாள்.

அவற்றை முதலில் திருச்செங்கோட்டில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்துப் போனால், எல்லா முகமும் மாப்பிள்ளை முகமாகப் பளபளக்கிறது.

"மாவு கொட்டுன மாதிரி இருந்துதுங்க. நாந்தேன் பூராத்தையும் தொடைச்சு உட்டேன்," என்றார் ஸ்டுடியோக்காரர், உபகாரம் செய்த பெருமையோடு. ஆல்பத்தில் அடங்குவதற்காக நான்கு பக்கமும் ஓரத்தையும் நறுக்கியிருந்தார். அங்கேயே அவரை நான்கு வார்த்தை கேட்டிருப்பேன். கயல் என் முந்தானையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் வீட்டிலேயே அச்சடிப்பது என்று முடிவானது. பெங்களூர் வழியாக ஊர் திரும்பியபோது இவர் ஒரு பெரிய பிரிண்டரை வாங்கி, கம்பளியில் சுற்றி, துளை போடும் இரும்பு ராடுகளை ஏற்றுகிற லாரியில் கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தார்.

மூன்று பொட்டு

இவர் பிரிண்டரோடு வந்தது ஆயுத பூசைக்கு. எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பொட்டு வாங்காத இயந்திரம் இருக்காது. ரிக், கம்ப்ரசர், லாரி, மொபெட், மிக்சி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. புதிதாக வந்த பிரிண்டருக்கு இல்லாமல் போகுமா? நான்தான் வைத்தேன். கெட்டியாகக் குழைத்த சந்தனத்தில் மூன்று பொட்டு. ஒன்று பொத்தான்களுக்குப் பக்கத்தில். ஒன்று மூடியின்மேல். மூன்றாவது பின்பக்கம், வலது மூலையில்.

அந்த மூன்றாவதைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். தாள் சாய்ந்து நிற்பதற்கு அந்தப் பிரிண்டரின் முதுகில் ஒரு பலகை இருக்கிறது. மடித்து மூடியிருந்தால் அது வெளியே தெரிகிற மேற்புறம். திறந்து நிமிர்த்தினால் அதே இடம், தாளின் வலது ஓரம் உரசிக்கொண்டு இறங்குகிற உட்புறம். நான் மூடியிருந்த நிலையில் பார்த்தேன். நெற்றிபோல வழவழப்பாக இருந்தது. வைத்தேன்.

சின்னத் தாள்கள் அந்த உயரத்துக்கு வராது. அதனால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. முந்தின நாள் சின்னத் தாளில் சோதித்த படங்கள்கூட அச்சுப் பிசகாமல் வந்தன.

கயல் ஒன்றும் அலட்சியமாக இருக்கவில்லை. பெரிய படத்துக்குச் சம விளிம்பு விடுவதற்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். பிரிண்டரை அதன் போக்கில் விட்டால் படத்தைப் பக்கத்துக்குப் பொருத்துகிறேன் என்று தானாக இழுத்துப் பெரிதாக்கும். கீழ் விளிம்பில் மட்டும் கொஞ்சம் கூடுதல் வெள்ளை விடும். அவள் அந்தத் தேர்வையெல்லாம் எடுத்துவிட்டு, கணினியில் தாளின் அளவுக்கே ஒரு வெள்ளைப் பரப்பை உண்டாக்கி, படத்தைச் சிறிதாக்கி அதன் நட்டநடுவில் வைத்துவிட்டாள். வெள்ளையும் படத்தின் பகுதி ஆகிவிட்டால் பிரிண்டருக்கு முடிவெடுக்க ஒன்றும் இல்லை அல்லவா? அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று இருந்தோம்.

ஒன்பது நாற்பதுக்குத் தீரவில்லை என்று தெரிந்தது.

கட்டில் முழுக்கக் கைகள்

சோதனைக்கு அவள் எடுத்துக்கொண்டது அவள் அப்பாவின் வலது கை. ராடைப் பிடித்திருக்கும் கை. நகக்கண்ணில் சேறு, விரல் மடிப்புகளில் தூசி. ஐந்து விரலும் தனித்தனியாக எடுப்பாகத் தெரிகிற மாதிரி எடுத்திருந்தாள்.

இரண்டாவது தாளும் சாய்ந்தது. பள்ளியிலிருந்து நான் கொண்டுவந்து வைத்திருந்த சார்ட் அட்டைகளை அதே அளவுக்கு வெட்டிப் போட்டோம். அதிலும் அதே மூன்று மில்லிமீட்டர். "சார்ட்டு மெலுசு கண்ணு, நல்ல தாள்லயே போட்டுப் பாரு" என்று நான்தான் சொன்னேன். இருந்தவை இருபத்தைந்து நல்ல தாள்கள். சென்னையிலிருந்து வரவழைத்தவை. சேலத்தில்கூடக் கிடைக்காது. பதினொன்றரைக்குள் அவற்றில் ஆறு போயிற்று. கட்டில்மேல் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் அவர் கை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து.

எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து அவர் போன் அணைந்து கிடந்தது. ஆந்திரத்தில் அனந்தபூர் பக்கம் எங்கோ வேலை. காட்டுக்குள் டவர் கிடைக்காமல் போவது வழக்கம்தான். ஆனாலும் ராத்திரியாவது யாராவது ஒருவர் போனிலிருந்து கூப்பிட்டுவிடுவார்.

பிரிண்டர் விற்ற நிறுவனத்தைக் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல், மையை ஒருமுறை சுத்தம் செய்யும்படி சொன்னது. "மை இல்லைம்மா, தாள் சாயுது" என்றேன். "மையை ஒருமுறை சுத்தம் செய்து பாருங்கள் மேடம்." மூன்றாவது முறை நான் கத்தினேன். ஆள் நாளைக்கு வருவார் என்றது குரல். நாளைக்கு யாருக்கு வேண்டும்?

பன்னிரண்டு மணிக்குக் கயல் தாளைப் பிரிண்டரில் நிற்க வைத்து, கீழே குனிந்து பக்கவாட்டில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மெதுவாக நிமிர்ந்தாள்.

"அம்மா, நீங்க வெச்ச பொட்டுதானுங்கம்மா."

நானும் குனிந்து பார்த்தேன். காய்ந்த சந்தனம், ஒரு துவரம்பருப்புக் கனத்துக்கு. தாளின் மேல்மூலையை அது இடப்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. தாள் சாய்வாகவே உள்ளே இறங்கியது.

"சொரண்டிரட்டுங்களா?"

"தொடாத."

இதற்கு ஒரு பழைய கதை உண்டு

நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கிரகணத்தன்று வாசலில் நின்று மாணவர்களுக்குச் சூரியனைக் காட்டி, அதற்காகத் திட்டும் வாங்கியவள். இதைப் படிக்கிற என் பழைய மாணவர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்.

கல்யாணமான முதல் வருடம். இவர் வண்டியோடு போயிருந்தார். வாசலில் நின்ற மொபெட் அழுக்காக இருக்கிறதே என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். விளக்குக் கூட்டில் இருந்த பொட்டும் போயிற்று. இந்த வீட்டில், ரிக் வண்டி ஊரைவிட்டுப் போனால் அது திரும்பும்வரை எந்தப் பூசைப் பொட்டையும் யாரும் துடைப்பதில்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்த வாரமே இவர் போன லாரி பள்ளத்தில் சாய்ந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விசாரிக்க வந்த கூட்டத்தின் நடுவில் என் நாத்தனார் சொன்னாள்: "புதுசா வந்தவிய கை வெச்சாங்க. வண்டி சாஞ்சு போச்சு."

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவளே மறந்திருப்பாள். நான் அன்றிலிருந்து ஒரு பொட்டையும் துடைத்ததில்லை. மிக்சியில் தானாக உதிர்ந்தால்தான் உண்டு. படித்த படிப்பெல்லாம் வாசலோடு நின்றுவிடுகிற ஓர் இடம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு அது துவரம்பருப்பு அளவில் இருந்தது.

உசுரும் படமும்

கயல் என்னோடு சண்டை போடவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. பொட்டைத் தொடாமல் தாளை நேராக இறக்க என்ன வழி என்று யோசித்தாள். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாள். விரலால் அழுத்திப் பிடித்தாள். பிறகு கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கீற்றாக வெட்டி, சந்தனத்தின் கனத்துக்கு அடுக்கி, பொட்டுக்குக் கீழே அந்தப் பலகையின் ஓரம் நெடுகிலும் ஒட்டினாள். ஓரம் முழுக்க ஒரே கனம் ஆகிவிட்டால் தாள் நேராக இறங்கும் என்று கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் பசை தாளில் பிடித்து, உள்ளே மடங்கிச் சிக்கிக்கொண்டது. அதைத் துண்டு துண்டாகப் பிடுங்கவே முக்கால் மணி நேரம் போயிற்று.

அந்த நேரத்தில்தான் கொழுந்தனார் வந்தார். பக்கத்து வீடு. வாசற்படியில் நின்றபடியே கட்டிலைப் பார்த்தார்.

"என்னுங்க அண்ணி, அண்ணன் கையெல்லாம் காயப் போட்டிருக்கறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"நாலு பக்கமும் ஒண்ணா வெள்ள உடறதுக்கா ஒரு காலேசு? நம்ம ஊட்டுச் சொவத்துக்குக்கூட அப்பிடி ஆரும் அடிக்கிலியே."

"சித்தப்பா, இன்னிக்கு வேண்டாமுங்க," என்றாள் கயல்.

"இல்ல சாமி, சும்மா சொன்னேன்." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "பொட்ட மட்டும் அழிச்சுப் போடாதீங்க அண்ணி. அண்ணன் இருக்கற எடம் அப்பிடி."

"உங்களுக்குப் போன் கீது வந்துதுங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "டவரு இருக்காதுங்க" என்றார். போய்விட்டார்.

மணி இரண்டேகால். ஆறு மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் சேலத்தில் ரயில். பெரிய படம் ஒன்று முடியப் பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு படத்துக்கு எவ்வளவு என்று நான் கணக்குப் போடவே பயந்தேன். தாள் பதினான்கு இருந்தது.

"அம்மா, ஒரே ஒரு தடவ சொரண்டிக்கறேன். முடிஞ்சதும் நீங்களே புதுசா வெச்சிருங்க," என்றாள் கயல்.

அப்போது நான் சொன்னதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். எழுதுகிறேன்.

"உங்கொப்பன் உசுரு பெருசா, உனக்குப் படம் பெருசா?"

அவள் முகம் அந்தக் கல்தூசி படிந்த முகங்களைப்போல வெளுத்துவிட்டது. பிறகு கட்டிலில் கிடந்த ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"நா இத்தன நாளா ஆரைம்மா எடுத்துட்டு இருக்கறேன்?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடவில்லை. அழுகிற சத்தமும் வரவில்லை.

நான் பிரிண்டரின் முன்னால் நின்றேன். அவர் போனுக்கு இன்னொரு முறை அடித்தேன். அணைந்திருந்தது. எனக்கு வந்தது பயமா கோபமா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாத்தனார்மேல் கோபம். மையைச் சுத்தம் செய்யச் சொன்ன குரல்மேல் கோபம். போனை அணைத்து வைத்திருக்கிற மனிதர்மேல் கோபம். எல்லாவற்றையும்விட, இந்த இருபது வருடமும் நான் ஓர் உளறலுக்குக் காவல் காத்துக்கொண்டிருந்ததன்மேல் கோபம். பெற்ற பெண்ணை அதன் முன்னால் நிறுத்தி வைத்துவிட்டேனே!

மூன்று மணிக்குக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். ஒரே சில்லாகப் பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. மூன்று மாதம் கழித்தும் மணம் இருந்தது. அதைத் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "கயல், வா" என்று கூப்பிட்டேன்.

முதல் படம் நேராக வந்தது. மேலே முப்பத்தெட்டு, கீழே முப்பத்தெட்டு. வலது, இடது, எல்லாம் முப்பத்தெட்டு. அவள் ஸ்கேலை என்னிடம் நீட்டினாள். "நீங்களே அளங்கம்மா." கண்ணாடியைத் துடைத்துவிட்டு அளந்தேன். அளந்துவிட்டு அடுத்த தாளை எடுத்துக் கொடுத்தேன்.

பன்னிரண்டும் முடிந்தபோது ஐந்து முப்பத்தைந்து.

பேருந்து நிறுத்தம்

மல்லசமுத்திரம் நிறுத்தத்துக்குக் கொழுந்தனார்தான் எங்கள் பையைப் பைக்கில் வைத்துக் கொண்டுவந்தார். கயல் படங்கள் இருந்த பெரிய ஃபைலைத் தாம்பாளத்தை ஏந்துவதுபோல மட்டமாக ஏந்தியிருந்தாள். யார் மேலும் படாமல் நின்றாள். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். இடுப்பில் அந்தத் தாள் மடிப்பு குத்தியது.

எதிர்ப்பக்கம் சேலத்திலிருந்து வந்த பேருந்து நின்று கிளம்பியது. புழுதி அடங்கியதும், சாலைக்கு அப்பால் அவர் நின்றுகொண்டிருந்தார். இடது தோளில் பை. வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டு, கழுத்தில் துண்டால் தூக்கிக் கட்டியிருந்தது.

நான் சாலையை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. ஒரு லாரி பலமாக ஹாரன் அடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

"ஏனுங்க... என்னாச்சுங்க..."

"ராடு மாட்டையில ரெண்டு வெரலு நசுங்கிப் போச்சு. ஒண்ணும் பயமில்ல. போனும் அதுலயே ஒடஞ்சு போச்சு."

"நாந்தானுங்க," என்றேன். "நாந்தான் பண்ணிப் போட்டேன். மூணு மணிக்குப் பொட்டச் சொரண்டிப் போட்டேன். பெரிண்டர்ல இருந்த பொட்டு..." இடுப்பிலிருந்து தாளை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். பிரித்த வேகத்தில் சந்தனம் கீழே விழுந்துவிட்டது.

அவர் என்னை ஒன்றும் புரியாமல் பார்த்தார். அதற்குள் கயல் ஃபைலைச் சாயாமல் பிடித்தபடி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பையோடு கொழுந்தனார். தம்பியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"மூணு மணிக்கா?" என்றார். "இது நேத்துக் காலைல ஆனது புள்ள. ஆசுபத்திரியிலிருந்து அடுத்தவிய போன்ல இவனக் கூப்புட்டு, பக்குவமாச் சொல்லுடான்னு அப்பவே சொன்னனே. ஏன்டா, சொல்லுலியா?"